35 வாட் லோடுக்கு ராத்திரி முழுக்க 3 கேவிஏ இன்வெர்ட்டர் ஓட வேண்டுமா?

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். மின்வாரிய லைன் எட்டாத சிறுமலைத் தோட்டத்து வீடு. 335 வாட் பேனல் 3, 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) டியூபுலர் பேட்டரி 2 சீரிஸில் போட்டு 24 வோல்ட், உள்ளேயே எம்பிபிடி (பேனலிலிருந்து முடிந்த அளவு மின்சாரம் எடுத்து பேட்டரியை நிரப்பும் சார்ஜர்) இருக்கிற 3 கேவிஏ ஹைபிரிட் இன்வெர்ட்டர். இரவில் ஓடுவது ஒரு 4ஜி ரவுட்டர், 2 வைஃபை கேமரா, நடுத்தர வேகத்தில் ஒரு பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் டிசி மோட்டார் ஃபேன்), வாசலில் ஒன்றும் மாட்டுக் கொட்டகையில் ஒன்றுமாக சின்ன எல்இடி பல்பு. வெயில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ரெண்டு நாள் வானம் மூடிக்கொண்டால் விடியற்காலை 4 மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடுகிறது, இன்னும் 2 பேட்டரி வாங்கிச் சேர்த்துவிடட்டுமா என்பதுதான் கேள்வி.

சேர்க்காதீர்கள். பழைய பேட்டரியோடு புதியதைப் பேரலலில் சேர்த்தால் புதியதும் சீக்கிரம் பழையதாகிவிடும், அது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், மழை நாளில் உங்களுக்குக் குறைவது சேமிக்கிற இடம் இல்லை, சேமிக்கக் கிடைக்கிற மின்சாரம். 4 பேட்டரி இருந்தாலும் அதை நிரப்புவது அதே 3 பேனல்தானே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரவுட்டர் 6 வாட். கேமரா ஒன்றுக்கு 4 வாட் (இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்கு எரிவதால் பகலைவிடக் கொஞ்சம் கூடும்), ரெண்டுக்கும் 8. ஃபேன் 15, பல்பு ரெண்டும் சேர்ந்து 6. ஆக மொத்தம் 35 வாட், 12 மணி நேரத்துக்கு 420 வாட்-ஹவர், அரை யூனிட்டுக்கும் குறைவு. 24 வோல்ட் 150 ஏஎச் என்றால் 3,600 வாட்-ஹவர், அதில் பாதியைத் தொடாமல் விட்டாலும் 1,800 கையில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி நாலு ராத்திரி தாங்கவேண்டிய பேட்டரி மூன்றாவது ராத்திரியிலேயே படுத்துவிடுகிறது என்றால், மீதியை யார் சாப்பிடுகிறார்கள்?

இன்வெர்ட்டர்தான். எந்த லோடும் இல்லாமல் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் ஒரு செலவு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் கோரைக் காந்தமாக்கிக்கொண்டே இருக்கவேண்டும், மாஸ்ஃபெட்டுகள் (உள்ளே ஸ்விட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) ஸ்விட்ச் ஆகிக்கொண்டே இருக்கவேண்டும், கன்ட்ரோல் போர்டு, டிஸ்ப்ளே, சிலவற்றில் கூலிங் ஃபேன் வேறு. நீங்கள் 5 வாட் எடுத்தாலும் 2,000 வாட் எடுத்தாலும் இந்தச் செலவு பெரிதாகக் குறையாது. 3 முதல் 5 கேவிஏ வரையிலான விலை குறைந்த ஹைபிரிட்களில் இது 40 முதல் 60 வாட் வரை இருப்பது சகஜம். டேட்டாஷீட்டில் கடைசிப் பக்கத்தில் 'நோ லோட் பவர் கன்சம்ப்ஷன்' என்று ஒரு வரி இருக்கும், வாங்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் '93 சதவீத எஃபிஷியன்சி' என்பது நடுத்தர லோடில் எடுத்த அளவு. 35 வாட் லோடில் உங்கள் இன்வெர்ட்டரின் எஃபிஷியன்சி 40 சதவீதம் பக்கத்தில்தான் இருக்கும். எல்லா பிராண்டும் இப்படி என்று சொல்லமாட்டேன். விக்ட்ரான் மல்டிபிளஸ்-2, 48 வோல்ட் 3 கேவிஏ மாடலில் 11 வாட் என்றுதான் போட்டிருக்கிறார்கள், அதன் விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

உங்களுடையதை 45 வாட் என்று வைத்துக்கொள்வோம். இரவில் 35-உம் 45-உம் கன்வர்ஷன் நஷ்டம் ஒரு 3 வாட்டும் சேர்த்து 83 வாட், 12 மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 1,000 வாட்-ஹவர். உங்கள் டியூபுலர் மாதிரி லெட்-ஆசிட் பேட்டரியில் 1,000 எடுத்தால் திரும்ப நிரப்ப 1,250 போடவேண்டும், மீதி சூடாகவும் கேஸாகவும் போகும். உங்கள் 1 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 4 யூனிட் தரும், இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கனமாக மேகம் மூடிய நாளில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தால் பெரிது, அதாவது 800 வாட்-ஹவர். அன்றைக்குப் பகல் முழுக்கவும் இன்வெர்ட்டர் ஆனில்தான் இருக்கிறது, அதன் தனிச் செலவு மட்டும் 540. ரவுட்டரும் கேமராவும் பகலிலும் ஓடுகின்றன, அது ஒரு 190. மிச்சம் எவ்வளவு? 70. தேவையோ 1,250. இப்படி ஒவ்வொரு மழை நாளும் பேட்டரி கிட்டத்தட்ட ஒரு முழு யூனிட் கீழே இறங்குகிறது, மூன்றாம் நாள் விடியற்காலை அலாரம் அடிக்காமல் என்ன செய்யும்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ராத்திரி லோடை பெரிய இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து, பெரிய இன்வெர்ட்டரை முழுதாக அணைக்கும்படி செய்யுங்கள். அணைப்பதில்தான் மிச்சம் இருக்கிறது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நிறைய பேர் ஆர்வமாக எல்லா பல்பையும் டிசிக்கு மாற்றிவிட்டு, ஒரே ஒரு பொருளுக்காக இன்வெர்ட்டரை ஆனிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கைக்கு வருவது 10 வாட்கூட இல்லை, அத்தனை ஒயரிங்கும் வீண்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். டிசி ஆம்பியர் காட்டுகிற கிளாம்ப் மீட்டர் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப்களில் பல ஏசியை மட்டும்தான் அளக்கும், கேட்டு வாங்குங்கள். இருட்டிய பிறகு (பேனல் சார்ஜ் ஓடாத நேரம்) எல்லா லோடையும் பிடுங்கிவிட்டு, இன்வெர்ட்டரை மட்டும் ஆனில் வைத்து, பேட்டரி பாசிட்டிவ் ஒயரில் கிளாம்ப்பை மாட்டுங்கள். 1.8 ஆம்பியர் காட்டினால், 25 வோல்ட்டால் பெருக்க 45 வாட். மல்டிமீட்டரை சீரிஸில் கோர்த்து 10 ஆம்பியர் ரேஞ்சில் அளக்க முயலாதீர்கள், இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் சார்ஜாகும்போது ஒரு கணம் இழுக்கிற கரண்டில் மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். பிளக்கில் செருகும் வாட் மீட்டரும் இதற்கு உதவாது, அது இன்வெர்ட்டருக்கு வெளியே நடப்பதைத்தான் காட்டும்.

சரி, பிரிப்பது எப்படி. உங்கள் லோடில் ரவுட்டர் 12 வோல்ட், கேமரா 5 வோல்ட், எல்லாமே அடிப்படையில் டிசி. இப்போது நடப்பது என்னவென்றால் 24 வோல்ட் டிசியை 230 வோல்ட் ஏசியாக்கி, அதை அடாப்டர் திரும்ப 12 வோல்ட் டிசியாக்குகிறது. நடுவில் இருக்கிற ரெண்டு வேலையும் வேண்டாத வேலை. பேட்டரியிலிருந்து ஒரு தனி டிசி லைன் இழுத்து, டிசி-டிசி கன்வர்ட்டர் வழியாக நேராகக் கொடுத்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, நம் ஊரில் எலக்ட்ரீஷியன்களே செய்துவிட்டுப் போகிற காரியம் இது. 24 வோல்ட் பேங்கில் (சேர்த்துக் கோர்த்த பேட்டரித் தொகுப்பில்) ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து லைட்டுக்கும் ரவுட்டருக்கும் கொடுப்பார்கள். வேலை செய்யும், ஆனால் தினமும் ஒரு பேட்டரி மட்டும் கூடுதலாக இறங்கும், சார்ஜரோ ரெண்டையும் சேர்த்து ஒன்றாகத்தான் பார்க்கும். அந்த ஒன்று எப்போதும் அரைகுறையாகவே நிரம்பி சல்ஃபேட் பிடிக்கும், மற்றது ஓவர்சார்ஜ் ஆகித் தண்ணீர் குடிக்கும். கடைசியில் ரெண்டும் போகும். 12 வோல்ட் வேண்டுமென்றால் முழு 24 வோல்ட்டிலிருந்து கன்வர்ட்டர் மூலம் மட்டுமே எடுங்கள்.

கன்வர்ட்டரில் ரெண்டு வகை கிடைக்கும். எல்எம்2596 சிப் போட்ட சின்ன பக் போர்டுகள் (வோல்ட்டை இறக்கிக் கொடுப்பவை) மிக மலிவு, 40 வோல்ட் வரை இன்புட் தாங்கும் என்று இருக்கும். உங்கள் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 29 வோல்ட் வரைக்கும் போகும், ஈக்வலைஸ் செய்தால் (செல்களைச் சமமாக்க வோல்ட்டை ஏற்றிச் சார்ஜ் செய்தால்) இன்னும் மேலே, ஆகவே கணக்குப்படி சரிதான். ஆனால் சிப் ஷார்ட்டாகிப் போனால் அந்த 29 வோல்ட் அப்படியே ரவுட்டருக்குள் இறங்கும். 3 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து 2-க்கு மேல் எடுக்காதீர்கள். கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்றால் மீன்வெல் எஸ்டி-50பி-12 மாதிரி இண்டஸ்ட்ரியல் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கிப் போடுங்கள். 19 முதல் 36 வோல்ட் இன்புட், 12 வோல்ட் 4.2 ஆம்பியர் அவுட்புட், இன்புட்டும் அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். வருஷக்கணக்கில் இரவும் பகலும் ஓடப்போகிற பொருள், என் தேர்வு இதுதான். படிப்பவர்களில் 48 வோல்ட் பேங்க் வைத்திருப்பவர்கள் அந்த 40 வோல்ட் போர்டுகளின் பக்கமே போகாதீர்கள், உங்களுக்கு அதே மீன்வெல்லில் 36 முதல் 72 வோல்ட் இன்புட் உள்ள எஸ்டி-50சி வரிசை இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி மட்டும் வைத்திருப்பவர்களும் ரவுட்டரை நேராக மாட்டவேண்டாம். பேட்டரி 11-க்கும் 14.6-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும், அதற்கு ஏற்றி இறக்கி 12-இல் நிறுத்துகிற பக்-பூஸ்ட் கன்வர்ட்டர் தேவை. எல்இடி ஸ்ட்ரிப் விளக்குகளும் அப்படியே, 14.4 வோல்ட்டில் பளிச்சென்று எரிந்து சீக்கிரம் மங்கிப்போகும்.

கேமராவில்தான் பலர் குழம்புவார்கள். கன்வர்ட்டரை பேட்டரி பக்கத்திலேயே வைத்து 5 வோல்ட் ஆக்கி, 15 மீட்டர் தள்ளி இருக்கிற கொட்டகைக்கு ஒயர் இழுத்தால், போக வர 30 மீட்டர். 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயருக்கு கிலோமீட்டருக்கு சுமார் 12 ஓம், அதாவது 0.36 ஓம். 0.8 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.3 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 5-இல் 0.3 போனால் 4.7. பகலில் கேமரா ஒழுங்காக ஓடும், இருட்டி இன்ஃப்ராரெட் எரிய ஆரம்பித்ததும் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும், கேமராவைத்தான் குறை சொல்வார்கள். 24 வோல்ட்டை அப்படியே கொட்டகை வரை கொண்டுபோய், கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கன்வர்ட்டரை வைத்து 5 ஆக்குங்கள். அதே 4 வாட்டுக்கு 24 வோல்ட்டில் 0.2 ஆம்பியர்கூட ஓடாது, இழப்பு கண்ணுக்கே தெரியாது. லாரிகளுக்கு வரும் 12/24 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர்கள் இதற்கு நன்றாக வேலை செய்யும், 32 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

டிசி லைனில் பாதுகாப்பு ஏசியைவிடக் கறாராக இருக்கவேண்டும். வோல்ட் குறைவுதானே என்று விடக்கூடாது, 150 ஏஎச் பேட்டரி ஷார்ட்டானால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். பேட்டரி பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு ஜாணுக்குள் ஃப்யூஸ் இருக்கவேண்டும், உங்கள் லோடுக்கு 5 ஆம்பியர் போதும். ஸ்விட்ச், எம்சிபி எல்லாம் டிசி ரேட்டிங் பார்த்து வாங்குங்கள். ஏசி ஒரு நொடிக்கு 100 தடவை ஜீரோவைத் தொடுவதால் ஸ்விட்ச் பிரியும்போது வரும் பொறி தானாக அணையும், டிசியில் அப்படி அணையாது, காண்டாக்ட் கருகும். அப்புறம், வழக்கமான 3 பின் சாக்கெட்டில் டிசியைக் கொண்டுவராதீர்கள், என்றாவது யாராவது அதில் மிக்ஸியைச் செருகுவார்கள். பல்பும் அப்படித்தான்: வீட்டில் ஏசிக்கு எல்லாம் பின் ஹோல்டர் இருந்தால் டிசிக்கு எல்லாம் திருகு ஹோல்டர் போட்டுவிடுங்கள், 12 வோல்ட் பல்பைத் தவறியும் 230-இல் மாட்ட முடியாது.

ஃபேன் கொஞ்சம் தனிக்கதை. உங்களுடையது 230 வோல்ட் பிஎல்டிசி, மோட்டார் டிசி வகையாக இருந்தாலும் அதன் போர்டு ஏசிக்காகச் செய்தது. ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று, சோலாருக்கென்றே வரும் 12 அல்லது 24 வோல்ட் டிசி சீலிங் ஃபேனுக்கு மாறுவது. இன்னொன்று, ஃபேனுக்கு மட்டும் ஒரு சின்ன ப்யூர் சைன் இன்வெர்ட்டர் வைப்பது. விக்ட்ரான் ஃபீனிக்ஸ் 24/250 சும்மா நிற்கும்போது 5 வாட் அளவுதான் எடுக்கும், மலிவான 300 வாட் இன்வெர்ட்டர்கள்கூட பெரும்பாலும் 10 வாட்டுக்குள் அடங்கும். 45 எங்கே, 5 எங்கே. ஃபேன் நன்றாக இருக்கும்போது அதைத் தூக்கிப் போடவேண்டியதில்லை, நானாக இருந்தால் இப்போதைக்குச் சின்ன இன்வெர்ட்டர் போட்டுவிட்டு, ஃபேன் பழுதாகும் அன்று டிசி வாங்குவேன். வேகத்தையும் கவனியுங்கள்: ஃபேன் இழுக்கும் பவர் வேகத்தின் மூன்றாம் மடிக்கு ஏறும் என்பதால் பிஎல்டிசியில் ஒரு படி குறைத்தாலே பெரிய வித்தியாசம். மலையில் கார்த்திகை மாதக் குளிரில் முழு வேகம் யாருக்கும் தேவைப்படாது.

சின்ன இன்வெர்ட்டர் அவுட்புட்டை வீட்டு ஒயரிங்கில் பெரிய இன்வெர்ட்டரோடு சேர்த்துவிடக் கூடாது. ரெண்டும் ஒரே லைனில் சந்தித்தால் சின்னது அந்த இடத்திலேயே எரிந்துபோகும். ஒன்று ஃபேனுக்குத் தனி ஒயர், அல்லது ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் மாற்றுகிற 2 போல் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். ஃபேஸை மட்டும் மாற்றுவது போதாது.

பெரிய இன்வெர்ட்டரிலேயே பவர் சேவிங் மோட் இருக்கிறதே, அதைப் போட்டால் ஆகாதா என்ற கேள்வி வரும். அந்த மோடில் இன்வெர்ட்டர் தூங்கிவிட்டு, இடையிடையே ஒரு பல்ஸ் அனுப்பி லோடு இருக்கிறதா என்று பார்க்கும். பல மாடல்களில் 25 முதல் 50 வாட் வரை லோடு இருந்தால்தான் முழுதாக எழும். ராத்திரி எப்போதாவது பாத்ரூம் லைட் போடுபவருக்கு அது சரி. நாள் முழுக்க 6 வாட் கேட்கிற ரவுட்டருக்கு அதனால் பயனில்லை, ஒன்று எழவே எழாது, அல்லது விட்டு விட்டு எழுந்து ரவுட்டரைப் பாடாய்ப்படுத்தும்.

அணைப்பதிலும் முறை இருக்கிறது. உங்கள் எம்பிபிடி இன்வெர்ட்டருக்குள் இருப்பதால், தினமும் பேட்டரி எம்சிபியை இறக்கி அணைக்கக்கூடாது. பேனல் இணைப்பில் இருக்கும்போது பேட்டரியைப் பிரித்தால் சில ஹைபிரிட்கள் கெட்டுப்போகும், திரும்ப இணைக்கும்போது கெப்பாசிட்டர் இழுக்கும் கரண்டில் காண்டாக்டும் கருகும். முன்பக்க ஸ்விட்ச்சில் மட்டும் அணையுங்கள். பெரும்பாலான ஹைபிரிட்களில் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் காலையில் பேனல் வோல்டேஜ் வந்ததும் சார்ஜர் தானாக எழுந்து வேலை செய்யும். ஒரு நாள் காலை அணைத்தபடியே விட்டு, பேட்டரி ஒயரில் கிளாம்ப் மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது எழுந்தால் மழை நாளில் பகலிலும் இன்வெர்ட்டரை அணைத்தே வைக்கலாம், மோட்டார், மிக்ஸி தேவைப்படும் அரைமணி நேரம் மட்டும் போட்டால் போதும். எழாத மாடல் என்றால், 12 வோல்ட் 100 வாட் பேனல் ஒன்று, ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், ஒரு 12 வோல்ட் பேட்டரி என்று ராத்திரி லைனையே தனி சிஸ்டமாக வைத்துவிடுவது நிம்மதி.

ஃபிரிட்ஜ் வாங்கும் எண்ணம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சாதாரண ஃபிரிட்ஜ் வந்தால் மேலே சொன்னது பாதி கலைந்துவிடும், ராத்திரி கம்ப்ரசர் எழ பெரிய இன்வெர்ட்டர் ஆனில் இருந்தாக வேண்டும். டைமர் போட்டு பகலில் மட்டும் ஓட்டி, ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து ராத்திரி அந்தக் குளிரில் ஓட்டலாம், அல்லது டிசி கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்குப் போகலாம். வாங்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாற்றிய பின் கணக்கு எப்படி ஆகும்? ரவுட்டர், கேமரா, பல்பு 20 வாட், கன்வர்ட்டர் நஷ்டத்தோடு 24. ஃபேன் சின்ன இன்வெர்ட்டர் வழியாக 22. மொத்தம் 46, 12 மணி நேரத்துக்கு 550 வாட்-ஹவர். நிரப்ப 690 வேண்டும். மேகமூட்ட நாளின் 800-இல் பகல் ரவுட்டர், கேமராவுக்கு 200 போனால் 600 மிச்சம். முன்பு நாளுக்கு ஒரு யூனிட் இறங்கிய பேட்டரி இப்போது நூறு வாட்-ஹவருக்கும் குறைவாக இறங்கும். டிசி ஃபேன் வந்துவிட்டால் அதுவும் சரிக்குச் சரியாகிவிடும். ஒரு பேனலோ ஒரு பேட்டரியோ கூட வாங்கவில்லை.

இந்த யோசனை புதிதும் இல்லை. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு இதே காரணத்துக்காகத்தான் இன்வெர்ட்டரே இல்லாத 48 வோல்ட் டிசி சிஸ்டத்தை உருவாக்கியது, ராஜஸ்தானில் கரண்ட் லைன் எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளில் 125 வாட் பேனலை வைத்தே விளக்கும் ஃபேனும் ஓட்டினார்கள்.

கடைசியாக ஒன்று, இதை விட்டுவிட்டு ஒயரிங் செய்யாதீர்கள். இதுவரை பேட்டரி மிகவும் இறங்கினால் இன்வெர்ட்டர் தானே கட் செய்து காப்பாற்றியது. தனி டிசி லைனுக்கு அந்தக் காவல் கிடையாது, ரவுட்டர் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் கட்-ஆஃப் வோல்ட்டை நாமே செட் செய்யக்கூடிய ஒரு லோ வோல்டேஜ் டிஸ்கனெக்ட் மாட்யூலை ஃப்யூஸுக்கு அடுத்துப் போடுங்கள், சின்ன இன்வெர்ட்டருக்கும் சேர்த்து. இன்வெர்ட்டரில் 21 வோல்ட் என்று வைத்திருப்பார்கள், அது பெரிய லோடில் வோல்டேஜ் தற்காலிகமாக விழுவதை மனதில் வைத்துச் செய்தது. 2 ஆம்பியர் மட்டும் ஓடும் லைனில் வோல்டேஜ் விழாது, 21 காட்டும்போது பேட்டரி ஏற்கெனவே செத்திருக்கும். டியூபுலருக்கு 24 வோல்ட்டை ஒட்டி கட் ஆகும்படியும், 25.5-க்கு மேல் ஏறினால்தான் திரும்ப எடுக்கும்படியும் வையுங்கள். கிளாம்ப் மீட்டரில் என்ன வந்தது, காலையில் சார்ஜர் தானாக எழுகிறதா, இந்த ரெண்டையும் பார்த்து எழுதுங்கள், ஒயர் சைஸும் கன்வர்ட்டர் எத்தனை என்பதும் அதை வைத்துச் சொல்கிறேன்.